குளவிக் கூடும் இரண்டாவது கையெழுத்தும்

காரைக்காலில் விமான நிலையம் கிடையாது. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ புறப்படுகிறவர்கள் திருவாரூர், தஞ்சாவூர் வழியாக ஏறத்தாழ 150 கி.மீ. பயணம் செய்து திருச்சியில்தான் விமானம் ஏறவேண்டும். அடுத்த முறை அங்கே காத்திருக்க நேர்ந்தால், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் விமானத்தைச் சற்றுக் கவனியுங்கள். பளிச்சென்ற மேற்சட்டை அணிந்த ஒருவர், கையில் டார்ச் விளக்குடன், விமானத்தை ஒரு முறை வலம் வருவார். சக்கரங்களைக் குனிந்து பார்ப்பார். எஞ்சினின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார். மூக்கின் பக்கவாட்டை அண்ணாந்து நோக்குவார். பெரும்பாலும் அவர், அந்த விமானத்தை ஓட்டப்போகும் இரு விமானிகளில் ஒருவரே.

எஞ்சினியர்கள் பார்த்துக் கையெழுத்திட்ட விமானத்தை அவர் ஏன் மறுபடியும் பார்க்கவேண்டும்? விடை, விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் இருக்கிறது. அதன் பல பக்கங்கள் துயரமானவை.

அவர் அண்ணாந்து பார்த்த இடத்திலிருந்தே தொடங்குவோம். விமானத்தின் மூக்கருகே விரல் பருமனில் சில குழாய்கள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்குப் 'பீட்டோ குழாய்' என்று பெயர். ஆன்ரி பீட்டோ என்ற பிரெஞ்சு எஞ்சினியர் 1732இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் நீரோட்டத்தின் வேகத்தை அளக்க அமைத்த கருவி இது. (பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கைக்கொண்டது இதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1739இல்!) எதிரே மோதும் காற்றின் அழுத்தத்தை இக்குழாய் வாங்கும். விமானத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு துளைகள் அசைவற்ற காற்றின் அழுத்தத்தை வாங்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வேகத்தைக் காட்டும். பக்கத் துளைகளின் அழுத்தம் மட்டும் உயரத்தைக் காட்டும்.

நம் வீடுகளில் பூட்டின் சாவித் துவாரத்தையும், சுவரில் விட்ட குழாயையும் குளவி மண்ணால் அடைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா நிற்கும் விமானத்தின் குழாயும் அதற்கு ஒன்றுதான். 1996 பிப்ரவரி 6ஆம் நாள் டொமினிக்கன் குடியரசில் புவர்ட்டோ பிளாட்டா நகரிலிருந்து கிளம்பிய போயிங் 757 விமானம் கடலில் வீழ்ந்து 189 பேர் இறந்தனர். சில நாட்கள் மூடியில்லாமல் நின்ற அந்த விமானத்தின் பீட்டோ குழாயைக் குளவி அடைத்திருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது.

குளவியையாவது மன்னிக்கலாம். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பெரு நாட்டின் லிமா நகரில் நடந்ததை என்னவென்பது? அங்கே ஒரு போயிங் 757ஐக் கழுவித் துடைத்தபோது, நீர் புகாதிருக்கப் பக்கத் துளைகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டினார்கள். அப்படி மூடுவது முறைதான். வேலை முடிந்ததும் அதை உரிக்க மறந்தார்கள். வேலையைச் சரிபார்க்க வேண்டியவர் அதைக் காணவில்லை. விமானத்தை வலம் வந்த விமானியின் கண்ணிலும் அது படவில்லை. நேரமோ இரவு, நாடாவோ விமான உலோகத்தின் நிறம். மேலே போனதும் உயரமும் வேகமும் தாறுமாறாகக் காட்டின. தவித்த விமானிகள் தரைநிலையத்தாரிடம் உயரம் கேட்டார்கள், அவரும் சொன்னார். ஆனால் அவர் திரையில் தெரிந்த எண், அந்த விமானத்தின் அதே கருவியிலிருந்து போனது! கருவி 9,000 அடிக்கு மேல் என்று காட்டிக்கொண்டிருக்கையில் விமானம் கடலைத் தொட்டது. 70 பேரும் மாண்டனர்.

மூடியிலும் நாடாவிலும் செந்நிறப் பட்டை தொங்கவிடுவது இதற்காகத்தான். மறந்தவரின் கண்ணை உறுத்தவேண்டும்.

அடைப்பைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளே ஓடும் கம்பிகள் சரியாகப் பூட்டப்பட்டனவா என்பதை எப்படிப் பார்ப்பது?

1935 அக்டோபர் 30ஆம் நாள் அமெரிக்காவின் டேட்டன் நகரருகே போயிங் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் கிளம்பியதும் செங்குத்தாக எழும்பி விழுந்தது. காற்றில் ஆடாதிருக்க வால் பலகைகளுக்குப் போட்டிருந்த பூட்டை யாரும் விடுவிக்கவில்லை. இதன் பிறகே விமானிகள் நினைவை நம்பாமல், எழுதிவைத்த பட்டியலைப் படித்துச் சோதிக்கும் வழக்கம் வேரூன்றியது. அப்பட்டியலில் ஒரு கேள்வி: சுக்கானும் மடல்களும் தடையின்றி முழுவதும் அசைகின்றனவா?

நல்ல கேள்விதான். ஆனால் போதாது. 1947 ஆகஸ்ட் 23ஆம் நாள், இங்கிலாந்தில் வுட்ஃபோர்டு தளத்திலிருந்து ஆவ்ரோ டியூடர் என்ற விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. அதன் சிறகு மடல்கள் தடையின்றி அசைந்தன, ஆனால் தலைகீழாக. முந்தின இரவு பராமரிப்பின்போது கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டார்கள். வலப்புறம் திருப்பினால் இடப்புறம் சாயும் விமானத்தை எந்த வல்லவனால் ஓட்டமுடியும்? நால்வர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் ராய் சாட்விக். இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற லங்காஸ்டர் விமானத்தை உருவாக்கியவர். தாம் வரைந்த விமானத்திலேயே, பிறர் பூட்டிய கம்பியால் அவர் உயிர் போயிற்று.

எனவே கேள்வி 'அசைகிறதா?' என்பதோடு நிற்கக்கூடாது. 'சரியான திசையில் அசைகிறதா?' என்றும் கேட்கவேண்டும். பெரிய விமானத்தின் சிறகுகள் விமானிக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கின்றன. இருக்கையிலிருந்து மடலைப் பார்ப்பது அரிது. ஆகவே ஒருவர் உள்ளே திருப்ப, மற்றொருவர் வெளியே நின்று பார்த்துச் சொல்லவேண்டும். திசைதிருப்பும் உறுப்புகளில் கைவைத்த வேலை எதுவானாலும், வேலை செய்தவர் ஒரு கையெழுத்தும், அவ்வேலையில் பங்குகொள்ளாத தகுதிபெற்ற மற்றொருவர் தனியே சோதித்து இரண்டாவது கையெழுத்தும் இடவேண்டும். இந்தியாவிலும் இந்த முறை உண்டு. ஏன் வேறொருவர்? தன் கையால் பூட்டியதைத் தானே பார்ப்பவருக்கு, தான் செய்ய நினைத்ததுதான் தெரியும், செய்தது தெரியாது. தன் எழுத்துப்பிழை தனக்குத் தெரியாததை நீங்களே அனுபவித்திருப்பீர்கள்.

விமானியும் விமானத்தின் பதிவேட்டைப் படித்து, நேற்று எங்கே கைவைத்தார்கள் என்று அறிந்தபின் தம் சோதனையைச் செய்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

இத்தனை அறிந்தபின்னும் 2001 மார்ச் 20ஆம் நாள் ஃபிராங்ஃபர்ட்டில் லுஃப்தான்சாவின் ஏர்பஸ் 320 கிளம்பியவுடன் இடப்புறம் சாய்ந்தது. கேப்டன் பிடியை வலப்புறம் தள்ளத் தள்ள மேலும் சாய்ந்தது. சிறகின் நுனி தரைக்கு அரை மீட்டர் வரை வந்துவிட்டதாம்! துணை விமானி தம் பிடிக்கு அதிகாரத்தை மாற்றிக்கொண்டு விமானத்தை மீட்டார். பழுதுபார்த்தபோது மின்கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்தன. கேப்டனின் பிடி மட்டும் தலைகீழ். கிளம்புமுன் திரையில் மடல் அசைவதைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. 54 ஆண்டுகளுக்கு முந்தைய கம்பி மின்சாரமாக மாறியிருந்தது, அவ்வளவே.

2018 நவம்பர் 11ஆம் நாள் போர்ச்சுகலில் ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190 ஒன்று பெரிய பராமரிப்பு முடிந்து கிளம்பியபோது மறுபடியும் அதே தலைகீழ்ப் பூட்டு. அதில் ஆறு பேர்தாம் இருந்தனர். வானில் தத்தளித்து, மூன்றாவது முயற்சியில் பேஜா தளத்தில் இறங்கிப் பிழைத்தனர்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 12ஆம் நாள் விடியுமுன், நம் திருச்சியிலிருந்து துபாய்க்கு 136 பேருடன் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 ஓடத் தொடங்கியது. விமானியின் இருக்கை முன்னும் பின்னும் நகராமல் பூட்டிக்கொண்டதா என்று பார்ப்பது கிளம்புமுன் செய்யும் சோதனைகளில் ஒன்று. சாய்மானத்தின் பூட்டு வேறு. ஓட்டத்தின் நடுவே கேப்டனின் சாய்மானம் பின்னால் மடங்க, எஞ்சின் விசையைப் பிடித்திருந்த கையும் பின்னால் போயிற்று, விசை குறைந்தது. குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. விமானம் ஓடுபாதை முடியும் இடத்தில் கம்பக் கருவிகளையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு எழும்பிற்று. தரையிலிருந்து சொன்னபோது, எல்லாக் கருவிகளும் ஒழுங்காகவே இருக்கின்றன என்று விமானிகள் மேலே பறந்தார்கள். சில மணி நேரத்துக்குப் பின் மும்பைக்குத் திருப்பி இறக்கினார்கள். விடிந்தபின் பார்த்தால், விமானத்தின் அடிவயிறு கிழிந்திருந்தது.