தேடினால் கிடைக்கும் கேமராக்கள்

2025 பிப்ரவரியில், குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் பதிவான சிசிடிவி காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளிவந்தன. பெண்கள் ஊசி போட்டுக்கொள்ளும் அறையின் காட்சிகள் அவை. விலை வைத்து விற்றிருக்கிறார்கள்! அகமதாபாத் சைபர் கிரைம் போலீஸார் சிலரைக் கைது செய்தனர். அந்தக் கேமராவின் பாஸ்வேர்டு ‘அட்மின்123’ என்று பின்னர் செய்தி வந்தது. பூட்டை உடைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. சாவி கதவிலேயே தொங்கியிருக்கிறது.

ஐபி கேமராவும் காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியும் உண்மையில் சிறு கணினிகளே. வெளியூரிலிருந்து மொபைலில் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்டதும், பொருத்த வருபவர் ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்ற வழியைத் திறந்துவிடுகிறார். சில கருவிகள் ‘யூபிஎன்பி’ வசதியால் தாமாகவே திறந்துகொள்ளும். அந்த வழி நமக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே திறந்திருக்கும்.

திறந்திருப்பதைக் கண்டுபிடிக்கத் தேடுபொறி இருக்கிறது. 2009இல் ஜான் மேத்தர்லி தொடங்கிய ‘ஷோடான்’, இணையத்தோடு இணைந்த கருவிகளைத் தேடிப் பட்டியலிடுகிறது. ஊர்ப் பெயர் கொடுத்தும் தேடலாம். பாதுகாப்பு ஆய்வாளர்களுக்குப் பயன்படும் கருவிதான். ஆனால் தேடுபவரின் நிய்யத் அதற்குத் தெரியாதே! கூகுளிலும், கேமராப் பக்கங்களில் மாறாமல் வரும் சொற்களைக் கொடுத்தால் பூட்டப்படாத சில கேமராக்கள் அகப்படும். 2014இல் ‘இன்சிகேம்’ என்ற தளம், கம்பெனி வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத பல்லாயிரம் கேமராக்களை நேரலையாகக் காட்டியது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமே மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

நம் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் கிளினிக், மகளிர் விடுதி, ஜவுளிக்கடை என எங்கே நுழைந்தாலும் ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்ற பலகை. யாரால் என்று அதில் இருப்பதில்லை. உண்டியல் திருட்டுக்குப் பயந்து பள்ளிவாசலில் கேமரா வைப்பதில் தவறில்லை. பெண்கள் தொழும் பகுதியிலும் ஒளூச் செய்யும் இடத்திலும் அது எதற்கு? அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று சூரத்துந் நூரில் படித்தவர்கள் நாம். நிர்வாகிகள் யோசிக்க வேண்டும்.

கேமரா, டிவிஆர், ரவுட்டர் மூன்றின் பாஸ்வேர்டையும் உரிமையாளரே மாற்ற வேண்டும். கடைப் பெயரோ மொபைல் எண்ணோ வேண்டாம். யூபிஎன்பியை நிறுத்திவிட்டு, போர்ட் ஃபார்வர்டிங்கை நீக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தே தீர வேண்டுமென்றால் விபிஎன் வழியாகப் பார்க்கலாம். கம்பெனி தரும் மென்பொருள் அப்டேட்டையும் தள்ளிப்போடக் கூடாது. உடை மாற்றும் அறை, சிகிச்சை அறை, படுக்கையறை ஆகியவற்றில் கேமராவே வேண்டாம் என்பது நம் கருத்து.

ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம்பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவர்கள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. ஏற்கெனவே சுவரில் மாட்டியிருப்பவற்றை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.