திரையில் இடம்பெறாத கல்வெட்டு: ‘ராஜராஜ சோழன்’ (1973) திரைப்படம் குறித்து

அரு. ராமநாதன் எழுதிய நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு, ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வெளியானது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் என்ற சிறப்பும் அதற்கு உண்டு. வரலாற்றுப் படங்களில் பிழைகளை எண்ணிக் காட்டுவது எளிது. கற்பனைப் பாத்திரங்களைச் சேர்ப்பதும் கலைஞனின் உரிமையே. இப்படம் தரும் ஏமாற்றம் அவற்றால் நேர்வதன்று. பேரரசன் ஒருவனைக் குடும்பத் தலைவனாக மட்டுமே காண்பதால் நேர்வது.

கதையின் மையம் வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கும் இராசராசனின் மகள் குந்தவைக்கும் இடையிலான உறவு. இத்திருமணம் வரலாற்றில் நிகழ்ந்ததே. அவ்வழியில் வந்த முதற் குலோத்துங்கன் 1070இல் சோழ அரியணை ஏறினான். இத்துணை நெடிய விளைவுடைய அரசியல் உறவு, படத்தில் மாமனார் மருமகன் பூசலாகச் சுருங்கிவிடுகிறது. திரை அகன்றதேயன்றிக் காட்சி அரண்மனைக் கூடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. நாடக மேடையின் எல்லைகள் அப்படியே தங்கிவிட்டன.

பெரிய கோயிலை ஓர் அரசனின் பக்திக்கும் பெருமிதத்துக்கும் சான்றாகப் படம் போற்றுகிறது. அக்கோயிலின் சுவர்களோ வேறு பலரையும் பெயர் சொல்லி நினைவில் வைத்துள்ளன. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் அங்கு இருக்கிறான். விளக்கொன்றுக்கு 96 ஆடுகளை ஏற்று, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்ட இடையர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றினும் மேலாக, சோழநாட்டின் பல்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் உள்ளனர். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, முன்பு எந்தக் கோயில் என ஒவ்வொருத்திக்கும் குறிப்பு உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இறந்தாலோ இடம்பெயர்ந்தாலோ நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும் என்பதும் விதி. ஹுல்ச் பதிப்பித்த இக்கல்வெட்டு, படம் வெளிவருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சில் கிடைத்தது.

கல்வெட்டைப் படமாக்க இயலாது, திரைக்கு மோதல் தேவை என்று வாதிடலாம். மோதல் இங்கேயே இருக்கிறது. அப்பெண்கள் விரும்பி வந்தார்களா, விட்டுவந்த கோயில்களில் அவர்களது இடம் என்னவாயிற்று என்பவற்றைக் கல்வெட்டு சொல்வதில்லை. அந்த மௌனம் படைப்பாளிக்குத் திறந்த வாயில். ஆனால் அதன் வழியே நுழைந்தால், நானூறு பேரின் இருப்பிடத்தை ஓர் ஆணையால் மாற்றவல்ல அதிகாரத்தையும் காட்ட நேரும். அன்பே உருவான தந்தையாகப் படம் வரைந்த சித்திரத்தில் அதற்கு இடமில்லை. மிகையான வழிபாடு அரசனையும் சிறிதாக்கிவிட்டது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அந்த ஆணையைப் பிறப்பிக்கும் இராசராசனைச் சிவாஜி கணேசன் நடித்துக் காட்டியிருக்கக்கூடும். அவருக்கு அப்படியொரு காட்சி எழுதப்படவில்லை.