கவ்வுகிற வாயும் குதறுகிற வாயும்

நாய் தன் பொம்மையை என்ன செய்கிறது என்பது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். சாதி, நிலம், கூலி என்று பேசவேண்டியவை குவிந்துகிடக்கையில் இது என்னத்துக்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். வன்முறை, அன்பு என்ற இரண்டு சொற்களையும் யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது நம் அரசியலின் அடிப்படைக் கேள்வி. அதைப் பெரிய நிகழ்ச்சிகளில் தேடுகிற அளவுக்குச் சின்ன நிகழ்ச்சிகளிலும் தேட வேண்டியிருக்கிறது.

ஏரலில் தாமிரபரணிக் கரையில் இருக்கிற சேர்மன் அருணாசல சுவாமி கோவிலுக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசைகளில் பெருங்கூட்டம் வரும். 1908இல் இறந்துபோன ஓர் ஊர்ச் சேர்மன் தெய்வமான கோவில் அது. திருவிழாக் கடைகளில் பனையோலைக் கிலுக்கும் மரச் செப்பும் இருந்த இடத்தைப் பிளாஸ்டிக்கும், பிறகு பஞ்சு அடைத்த கரடியும் முயலும் பிடித்துக்கொண்டன. பிள்ளைக்கு வாங்கிய கரடி சில நாளில் வீட்டு நாய்க்குப் போய்ச்சேரும். நாய் அதைக் கவ்விக்கொண்டே திரியும், நக்கும், தலைக்கு வைத்துத் தூங்கும், யாராவது எடுத்தால் உறுமும். நாலாம் நாள் முற்றமெல்லாம் பஞ்சு. 'சவத்து நாய்க்கு ஆசையா குடுத்தா இப்படியா பண்ணி வைக்கும்?' என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். ஆசைக்கும் கிழிப்புக்கும் ஒட்டாது என்பது இந்த வாக்கியத்தின் நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு.

முதலில் நாயின் பக்கத்தைப் பார்த்துவிடலாம். ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் இருவரும் நாய்களைப் பற்றி 2001இல் எழுதிய நூலில் வேட்டை என்பது ஒரே செயல் அல்ல, ஒரு வரிசை என்று காட்டினார்கள். திரும்பிப் பார்ப்பது, வெறித்து நோக்குவது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்லக் கடிப்பது, பிளப்பது, தின்பது. ஓநாயிடம் இந்த வரிசை முழுசாக இருக்கிறது. மனிதன் தன் தேவைக்கு ஏற்ப நாய் இனங்களில் சில கண்ணிகளை வளர்த்தான், சிலவற்றை மங்கச்செய்தான். ஆட்டைக் காக்கும் நாயிடம் துரத்தும் குணம் மங்கிப்போயிற்று. ஆட்டை மடக்கும் நாயிடம் வெறித்து நோக்குவது மிஞ்சி நின்றது. பொம்மையைக் கவ்விப் பக்கவாட்டில் உலுப்புகிற நாய், இரையின் கழுத்தை முறிக்கும் அசைவைத்தான் செய்கிறது. அடிபட்ட சிறுபிராணி மாதிரி 'கீச்' என்று கத்தும் பீப்பியை உள்ளே வைத்துப் பொம்மை செய்து விற்கிறவனுக்கு இது நன்றாகவே தெரியும். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது நாயின் ஆர்வம் வற்றிப்போனது. வேறொன்றைக் கொடுத்ததும் மீண்டது. மாறாத பொருள் நாய்க்குச் சலித்துவிடுகிறது. கிழிகிற பொம்மை ஒவ்வொரு கடியிலும் மாறுகிறது. ஆக நாயின் விருப்பமும் கிழிப்பும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்பவை. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது பார்க்கிற நாம்.

தொல்காப்பியம் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் குருளை என்ற ஒரே பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. துரத்துகிறதும் துரத்தப்படுகிறதும் குட்டியாக இருக்கும்போது ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. கொன்று வாழ்வது, அஞ்சி வாழ்வது என்ற பிரிவினை பிற்பாடு வருகிறது. இலக்கணக்காரர்கள் இதை யோசித்துச் செய்தார்களா என்பது வேறு விஷயம். மொழி அப்படிப் பார்த்திருக்கிறது என்பது போதும்.

தாமிரபரணிக்கு வடக்கே கரிசல்காட்டில் இந்த வரிசைக்கு ஒரு சமூக வடிவம் இருந்தது. ஊர்ப்பெயரையே இனப்பெயராகக் கொண்ட சிப்பிப்பாறை நாயும், கன்னி நாயும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பவை. ஒட்டிய வயிறும் நீண்ட காலும் முயலின் ஓட்டத்துக்கு ஈடாக உருவானவை. முயல் வேட்டையில் துரத்துவதும் கவ்வுவதும் நாயின் வேலை. கவ்விய முயலைக் குதறாமல் கொண்டுவந்து போடுகிற நாய்தான் நல்ல நாய் என்று பேர் வாங்கும். வயிற்றைக் கிழிப்பது அரிவாள் வைத்திருக்கிறவன் வேலை. நாய்க்கு அவன் பார்த்துப் போடுகிற பங்கு. உழைப்பு ஒரு பக்கம், திறந்து பகிரும் உரிமை ஒரு பக்கம் என்ற பிரிவினையை இங்கே நாம் எளிதாக அடையாளம் காணலாம். வயலில் பார்த்ததுதானே?

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த ஏற்பாட்டைச் சட்டத்துக்கு வெளியே தள்ளின. காட்டுயிர்களைக் காப்பதில் எனக்கு மறுப்பில்லை. நாய்க்கு என்ன ஆயிற்று என்பது என் கேள்வி. இரை போயிற்று, வரிசை போகவில்லை. 2005இல் இராஜபாளையம் நாய் இந்தியத் தபால்தலையில் ஏறியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லிப் பாராட்டினார். காட்டில் வேலை இழந்த நாய் தேசப் பெருமிதத்தின் சின்னமாகி, நகரத்து மாடிவீட்டில் கட்டுண்டு கிடக்கிறது. அதன் வாய்க்கு நாம் கொடுத்த இழப்பீடுதான் பஞ்சுப் பொம்மை. அதைக் கையிலிருந்து பிடுங்கும் வேட்டைக்காரன் இல்லை என்பதால், முன்பு கவ்வுவதோடு நிறுத்திக்கொண்ட நாய் இப்போது வரிசையின் கடைசிவரை போகிறது. தன்னிடமிருந்து வாங்கப்பட்ட கண்ணியை அது திரும்ப எடுத்துக்கொள்கிறது என்றும் வாசிக்கலாம்.

இனி பொம்மையின் பக்கம். பஞ்சுக் கரடிக்கு ஆங்கிலத்தில் டெடி என்ற பெயர் ஒரு ஜனாதிபதியால் வந்தது. 1902 நவம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் கரடி வேட்டைக்குப் போனார். வேட்டையை நடத்தியவர் ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்த கறுப்பர், பேர்பெற்ற கரடி வேட்டைக்காரர். அவருடைய நாய்கள் ஒரு கரடியை மடக்கின. கரடி ஒரு நாயைக் கொன்றது. காலியர் துப்பாக்கிக் கட்டையால் கரடியை அடித்து வீழ்த்தி, ஜனாதிபதி வந்து சுடட்டும் என்று மரத்தில் கட்டிவைத்தார். கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது வீரத்துக்கு அழகில்லை என்று ரூஸ்வெல்ட் மறுத்தார். கதை இங்கே முடிந்துவிடுவதாகத்தான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்து நடந்தது: அடிபட்ட கரடியின் வேதனையை முடித்துவிடச் சொன்னார், கத்தியால் கொன்றார்கள்.

நவம்பர் 16இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் கிளிஃபோர்ட் பெரிமன் இதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைப் பார்த்து புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த, ருஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர் மாரிஸ் மிக்டாமும் மனைவி ரோஸும் துணிக்கரடி தைத்து ஜனாதிபதியின் செல்லப்பெயரில் விற்றார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் ஸ்டைஃப் கம்பெனியும் கரடி பொம்மை செய்து, 1903இல் லைப்சிக் சந்தைக்குக் கொண்டுபோனது. கொல்லாமல் விட்ட பாதி பொம்மையாயிற்று. கொன்ற பாதி மறைந்தது. கூடவே செத்த நாயும், மடக்கிய நாய்களும், காலியரின் பெயரும் மறைந்தன. கருணை ஜனாதிபதிக்கு, ரத்தம் கறுப்பனுக்கும் நாய்க்கும் என்று ஒரு நிகழ்வை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் பஞ்சடைத்துக் குழந்தை கையில் கொடுத்தது அந்தச் சந்தை. நம் முற்றத்தில் நாய் கிழிப்பது இந்தக் கரடியைத்தான். 1902இல் நாய்கள் தொடங்கி, மனிதர் முடித்து, மூடித் தைத்த வேட்டை அது.

இதை மேற்கத்திய முதலாளியத்தின் பொய்முகம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. நம்மிடமும் அடைத்த பொம்மை இருந்திருக்கிறது. கன்று செத்துப்போனால் அதன் தோலுக்குள் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்திக் கறப்பார்கள். தோற்கன்று, வைக்கோல்கன்று என்று அதற்குப் பெயர். பசு நக்கிக்கொடுக்கும், பால் சுரக்கும். செத்தது அல்லது சாகவிடப்பட்டது உள்ளே, பாசம் வெளியே. இரண்டுக்கும் நடுவே செம்பு. பசு நக்குவதோடு நின்றுவிடும். தோற்கன்றை நாய்க்கு எட்டாமல் வைப்பார்கள். நாய் அதைத் திறந்துவிடும்.

திருமூலர் மரத்தால் செய்த யானையைக் காட்டி, யானையைப் பார்க்கிறவனுக்கு மரம் தெரியாது, மரத்தைப் பார்க்கிறவனுக்கு யானை தெரியாது என்கிற பொருளில் பேசினார். நாயின் பார்வை இந்த இருமைக்குள் அடங்குவதாக இல்லை. அது கரடியையும் நேசித்தது, பஞ்சையும் கண்டது. பஞ்சைக் கண்டபின்னும் வெற்றுத் தோலைக் கவ்விக்கொண்டே படுத்திருக்கிற நாய்களைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள்.

விளையாட்டில் சிதைப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவம் உண்டு. சிறுமிகள் மணலில் வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான ஆண்பிள்ளை காலால் அழிக்க வருகிறான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். ஏரலுக்குப் பக்கத்துத் திருச்செந்தூர் முருகன்மேல் பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழும் இந்த மரபில் வந்ததுதான். அந்த அழிப்பைப் புலவர்கள் பக்தியாகவும் செல்லமாகவும் பாடினார்கள். மணலைச் சுமந்த சிறுமிகளின் உழைப்பு ரசனைக்குப் பொருளாயிற்றே தவிர வழக்காகவில்லை. சிதைக்கிறவன் ஆணும் தெய்வமும் ஆனால் லீலை, நாயானால் சேட்டை. செயல் ஒன்றுதான், பெயர் வைக்கிற அதிகாரம் வேறு.

புலவர் மரபு இப்படி மெழுகியதை நாட்டார் மரபு மெழுகவில்லை. நெல்லை, குமரிப் பகுதிகளில் இசக்கியம்மன் உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். கையில் அல்லது இடுப்பில் ஒரு குழந்தை, வாயில் கடிபட்ட நிலையில் ஒரு குழந்தை. பிள்ளைவரம் கேட்டு அவளிடம்தான் போகிறார்கள். வரம் கிடைத்தால் குழந்தைப் பொம்மையும் தொட்டிலும் கொண்டுவந்து அவளுக்கே வைக்கிறார்கள். வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண்ணின் கோபத்தையும் தாய்மையையும் ஒரே மண்ணில் பிசைந்த உருவம் அது. செய்த குயவனும் கும்பிட்ட சனமும் ஒரு பாதியை வெட்டித் தள்ளவில்லை. ரூஸ்வெல்ட்டின் கரடிக்கு நேர் எதிரான பொம்மை என்று இதைச் சொல்லலாம். இங்கே எதுவும் உள்ளே தைத்து மறைக்கப்படவில்லை.

உளப்பகுப்பாய்வாளர் டி. டபிள்யூ. வின்னிகாட் 1951இல் வாசித்து 1953இல் அச்சேறிய கட்டுரையில், குழந்தை விடாமல் கட்டிக்கொள்கிற பொம்மையோ துணியோ கொஞ்சலையும் சிதைப்பையும் சேர்ந்தே வாங்குகிறது என்று கவனித்தார். பின்னாளில், 1969இல் வந்த கட்டுரையில் இன்னும் ஒரு படி போனார். மனதுக்குள் எத்தனை முறை அழித்தாலும் அழியாமல் எதிரே நிற்பதைக் கண்டுதான் குழந்தை, தன்னைத் தவிர இன்னொன்று உலகில் உண்டு என்று அறிகிறது. அழிப்பு என்பது அங்கே மற்றொன்றின் இருப்பைச் சோதிக்கும் வழி. நாய்க்கு இதை அப்படியே பொருத்துவது நாயை மனிதனாக்கும் வேலை. ஆனால் நேசத்துக்குள் அழிப்பு இருப்பதாலேயே நேசம் பொய்யாகிவிடாது என்ற அளவில் அவர் நமக்கு உதவுகிறார்.

அப்படியானால் எந்த அழிப்பைக் கண்டு நாம் அஞ்சவேண்டும்? ஏரலுக்கு அருகே ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் பிறந்த மாரி செல்வராஜ் 2018இல் எடுத்த 'பரியேறும் பெருமாள்' படம், நாய்களோடு வேட்டைக்குப் போகும் இளைஞர்களிடமிருந்து தொடங்குகிறது. கருப்பி என்ற நாயை ஆதிக்கசாதியினர் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுச் சாகவிடுகிறார்கள். அவர்களுக்குக் கருப்பிமேல் ஆசையும் இல்லை, பசியும் இல்லை. இன்னொருவன் நேசிக்கிறான் என்ற காரணத்துக்காகவே அழிக்கிறார்கள். கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்த வீரமாவது தனக்கொரு வெட்கத்தைக் கற்பித்துக்கொண்டது. இங்கே அதுவும் கிடையாது. நாய் தான் நேசிப்பதைக் கிழிக்கிறது. சந்தை, கொன்றதை நேசத்துக்குரியதாக மாற்றி விற்கிறது. சாதி, பிறர் நேசிப்பதை அழிக்கிறது. இம்மூன்றையும் வன்முறை என்ற ஒரே சொல்லால் கட்டுவது மூன்றாவதைத் தப்பவிடுவதற்கே உதவும்.

நாய் பொம்மையைக் கிழித்தால் நல்ல பழக்கமல்ல என்று அடிக்கிறோம். வீட்டுக்கு ஒத்துவராது என்று ஒரு ராத்திரி வண்டியில் ஏற்றிப் புறவழிச்சாலையில் இறக்கிவிடுகிறோம். வெள்ளை நிறம் தூயது என்று நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணைசேர்த்து, செவிட்டுக் குட்டிகளைப் பிறக்கவைக்கிறோம். அதற்குப் பிராணிநேசம் என்று பெயர். 2025 ஆகஸ்டில் டில்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொன்ன உச்சநீதிமன்றம், சில நாட்களில் அந்த ஆணையைத் திருத்தியது. இடைப்பட்ட நாட்களில் நேசமும் அச்சமும் எதிரெதிராகக் கத்தின. அந்த நாய்களில் எத்தனை, யாரோ ஒருகாலத்தில் ஆசையாக வாங்கியவற்றின் வாரிசுகள் என்ற கேள்வியை இரண்டு பக்கமும் பெரிதாக எழுப்பவில்லை. இரண்டு பக்கத்திலும் இல்லாமல் அந்தக் கேள்வி தெருவில் கிடக்கிறது, நாய்களைப் போலவே.