சாட்டிலைட் படத்திலிருந்து புற்றுக்கட்டிக்கு

அத்தையின் இரண்டாவது பெட் ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் பாயசம். முதல் ரிப்போர்ட்டில் 9.4 என்றிருந்த எண் இப்போது 7.1. எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு வாட்ஸப் குரூப்பில் அனுப்பியவன் நான்தான். மறுநாள் டாக்டர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "ரெண்டும் வேற வேற சென்டர்ல எடுத்திருக்கீங்க. இதை மட்டும் வெச்சு குறைஞ்சிருக்குன்னு சொல்ல முடியாதும்மா" என்றார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த எண்ணின் பெயர் எஸ்.யு.வி. புற்றணுக்கள் சர்க்கரையை வெறித்தனமாகத் தின்னும் என்பதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்திருந்தார். சர்க்கரையைப் போன்ற, கதிர்வீசும் எஃப்.டி.ஜி. என்ற பொருளை 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனித உடலில் செலுத்தினார்கள். செலுத்திய அளவு உடல் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் எஸ்.யு.வி. 1. கட்டி அதிகம் இழுத்துக்கொண்டால் எண் ஏறும். ஆனால் ரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடையே காத்திருந்த நேரம், மெஷின் என எல்லாமே அதை அசைக்கும். 1995இல் ஜான் கீஸ் என்ற மருத்துவர், எஸ்.யு.வி. என்றால் 'சில்லி யூஸ்லெஸ் வேல்யூ'வா என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார்.

ஒரே ஒரு எண்ணுக்கே இந்தப் பாடு. பிறகு நூற்றுக்கணக்கான எண்கள் வந்தன.

அவற்றில் பலவற்றின் பூர்வீகம் மருத்துவமனை அல்ல. 1973இல் ஹாராலிக், சண்முகம், டின்ஸ்டீன் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படத்தில் எந்தச் சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பல் நிறம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அதிலிருந்து 14 அளவுகளைக் கணக்கிட்டார்கள். சோதித்துப் பார்த்தது மணற்கல், விமானப் படங்கள், சாட்டிலைட் படங்களில். காடா வயலா ஊரா என்று பிரிக்கத்தான் இந்தக் கணக்கு. பின்னால் வந்தவர்கள் அதையே கட்டிக்குள் பொருத்தினார்கள். கட்டி உள்ளே எவ்வளவு ஒழுங்கற்றதோ அவ்வளவு மூர்க்கமானதாக இருக்கலாம் என்பது நம்பிக்கை. 2012இல் இதற்கு 'ரேடியோமிக்ஸ்' என்ற பெயர் பரவலானது.

ஆனால் பெட் ஸ்கேனர் கேமரா மாதிரி படம் பிடிப்பதில்லை. உடலிலிருந்து வரும் காமாக் கதிர்களை எண்ணுகிறது. அதிலிருந்து படத்தைக் கட்டுவது மென்பொருள். எத்தனை சுற்றுக் கணக்கு, எவ்வளவு வழவழப்பாக்கல், கட்டம் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் யாரோ தேர்ந்தெடுத்த செட்டிங்ஸ். 2010இல் கலாவிஸும் சகாக்களும் 20 நோயாளிகளிடம் இந்த செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 50 அளவுகளில் 40, முப்பது சதவீதத்துக்கும் மேல் ஆடின. ஐந்து சதவீதத்துக்குள் நின்றவை நான்கே நான்கு. நோயாளி அதே ஆள், கட்டியும் அதே கட்டி.

இன்னொரு பொறியும் உண்டு. நோயாளிகள் கொஞ்சம், அளவுகள் ஏராளம் என்றால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே 'பொருந்தும்'. 2015இல் சல்கிடூ குழு இத்தகைய 15 ஆய்வுகளை மறுபரிசீலனை செய்தது. தவறான கண்டுபிடிப்புக்கான வாய்ப்பு சராசரியாக 76 சதவீதம் என்று மதிப்பிட்டது.

புரோகிராமராக எனக்கு மிகவும் உறுத்திய சங்கதி வேறு. ஒரே படத்தை, ஒரே அளவின் பெயரைச் சொல்லிக் கொடுத்தாலும் வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு விடை தந்தன. இதைச் சரிசெய்ய 25 ஆய்வுக் குழுக்கள் ஒன்றுகூடி, சூத்திரங்களை வரிவரியாக ஒப்பிட்டு, 2020இல் முடிவை வெளியிட்டன. 174 அளவுகளில் 169க்கு எல்லோரும் ஒரே விடைக்கு வந்தார்கள். யாருக்கும் புகழ் தேடித்தராத, நம்ம பாஷையில் சொன்னால் டெஸ்ட் கேஸ் எழுதும் வேலை. அதுவும் கணக்கைத்தான் நேராக்கியது. கணக்குக்குள் போகும் படம் மெஷினுக்கு மெஷின் மாறுவது இன்னும் தனிப் பிரச்சினைதான்.

நான் பார்க்கும் வேலையில் எண் தப்பாக வந்தால் டிக்கெட் போட்டு மறுநாள் சரிசெய்வேன். இங்கே அந்த எண்ணை நம்பி ஒருவருக்குக் கீமோவை நிறுத்தலாம், இன்னொருவருக்குத் தேவையில்லாமல் நீட்டலாம்.

மூன்றாவது ஸ்கேனுக்கு அத்தையை முதலில் போன சென்டருக்கே கூட்டிப்போனேன். ஊசி போட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டேன். "ஏன்டா வாட்ச்சையே பாத்துட்டிருக்கே?" என்றாள். போன தடவை காத்திருந்த அதே அளவு நேரம் காத்திருக்கணும் அத்தே, என்றேன்.