துருத்தியில் பிறந்த விமானி அறை: லிங்க் பயிற்சிக் கருவியின் வரலாறு



சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானங்கள் லுக்குட் வட்டாரத்துக்கு மேலே தாழ்வாகப் போவதை நம்ம பிள்ளைங்க பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். அவற்றை ஓட்டும் விமானிகள், முதலில் தரையில் இருக்கும் 'சிமுலேட்டர்' எனும் பாவனை விமானத்தில் பயிற்சி பெற்றவர்கள். இப்போது வீட்டிலேயே பலகை, சுவிட்ச், ஒயர் வைத்து விமானி அறை செய்கிறவர்களும் உண்டு. இதெல்லாம் கணினி வந்த பிறகு வந்ததுதானே என்று தோன்றும். இல்லை. இதன் வேர் ஓர் இசைக்கருவிப் பட்டறையில் இருக்கிறது.

தொடக்கம்: பாதிப் பீப்பாய்

1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே, 1910 வாக்கில், பிரான்சின் அந்துவானெத் விமானப் பள்ளியில் ஒரு பயிற்சிக் கருவி செய்தார்கள். பாதியாக அறுத்த பீப்பாய்கள்தான் அது! மாணவர் மேலே உட்காருவார். மற்றவர்கள் கையால் ஆட்டுவார்கள். அவர் சக்கரங்களைத் திருப்பிச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

பியானோ பட்டறையின் கீழ்த்தளம்

எட்வின் லிங்க் 1904-இல் அமெரிக்காவில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் அவருடைய அப்பா பியானோ, ஆர்கன் செய்யும் நிறுவனம் நடத்தினார். மகனுக்கு விமானம் ஓட்ட ஆசை. ஆனால் பயிற்சிக் கட்டணம் மிக அதிகம். தரையிலேயே பழக முடியாதா என்று யோசித்தார். பட்டறையின் கீழ்த்தளத்தில் சுமார் 18 மாதம் உழைத்து, 1929-இல் கருவியை முடித்தார்.

அது எப்படி வேலை செய்தது? நம் கோயில் பஜனையில் வாசிக்கும் ஆர்மோனியத்தின் பின்பக்கம் துருத்தி இருக்கும் அல்லவா? அதே மாதிரித் துருத்திகளைத்தான் லிங்க் பயன்படுத்தினார். சிறு விமான வடிவப் பெட்டிக்கு அடியில் அவற்றைப் பொருத்தினார். ஒரு மின்விசைப் பம்பு காற்றை உறிஞ்சும். மாணவர் கட்டுப்பாட்டுக் கோலைச் சாய்த்தால் அதற்குரிய வால்வு திறக்கும், துருத்தி சுருங்கும், பெட்டி அந்தப் பக்கம் சாயும். தானாக வாசிக்கும் பியானோவில் கட்டைகளை இயக்குவதும் இதே காற்று உறிஞ்சல்தான். லிங்க் தனக்குத் தெரிந்த கைத்தொழிலையே வேறு வேலைக்குத் திருப்பினார்.

ஐந்து ஆண்டு காத்திருப்பு

கருவி தயார். ஆனால் விமானப் பள்ளிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. காசு போட்டால் ஆடும் பொம்மையாக அது நின்றது. உடம்பின் உணர்வை வைத்தே ஓட்டிவிடலாம் என்று அக்கால விமானிகள் பலர் நம்பியதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு ஏமாற்றும். நேராகப் பறக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே சுழன்று விழுவார்கள். கருவிகளின் முள்ளை மட்டும் நம்பி ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும்.

1934 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் தனியார் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்து, ராணுவ விமானப் படையிடம் அந்த வேலையைக் கொடுத்தார். பனியிலும் இரவிலும் பறக்கப் போதிய பயிற்சி இல்லாத இளம் விமானிகள் சில மாதங்களுக்குள் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கின் கருவியை நாடியது. அதே ஆண்டு ஜூனில், ஒன்று 3,500 டாலர் என ஆறு கருவிகள் வாங்கியது.

மாணவர்களே, இங்கே கவனியுங்கள். கண்டுபிடிப்பு 1929, ஏற்பு 1934. வரலாற்றில் இவை இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள். பொருள் இருந்தது, அதன் தேவையை உணரத்தான் உயிர்ப்பலி வேண்டியிருந்தது.

போரும் மலாயாவும்

இரண்டாம் உலகப் போரில் 10,000-க்கும் மேற்பட்ட லிங்க் கருவிகள் செய்யப்பட்டன. நீல நிறத்தால் 'நீலப் பெட்டி' என்ற பெயரும் வந்தது. மாணவர் உள்ளே உட்கார்ந்ததும் மேல்மூடி மூடப்படும். கருவிமுகப்பு மட்டுமே தெரியும். வெளியே ஆசிரியரின் மேசையில், 'நண்டு' என்று அழைக்கப்பட்ட சிறு சக்கர வண்டி, மாணவர் 'பறந்த' பாதையை வரைபடத்தில் மையால் கோடு இழுக்கும். தவறு எங்கே என்று இருவரும் பிறகு உட்கார்ந்து பேசலாம்.

ஜப்பானும் போருக்கு முன்பே இக்கருவிகளை வாங்கியிருந்தது. 1941 டிசம்பர் 10-இல் ஜப்பானியக் கடற்படை விமானங்கள் குவாந்தான் கடலில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. லிங்க் கருவிதான் இதற்குக் காரணம் என்று விடையில் எழுதிவிடாதீர்கள்! ஒரே காலத்தில் நடந்த இரண்டு செய்திகள் தாமாகவே காரணமும் விளைவும் ஆகிவிடா.

வீட்டுக்கு வந்த விமானி அறை

துருத்தியின் இடத்தை மின்னணுவும் கணினியும் பிடித்தன. 1982-இல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வெளிவந்து, வீட்டுக் கணினியிலேயே பறக்க முடிந்தது. விசைப்பலகையில் தட்டுவது போதாது என்று நினைத்தவர்கள் நிஜ சுவிட்சு வைத்த பலகை செய்யத் தொடங்கினார்கள்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தோடு இதை இணைக்கலாம். ஒட்டுப்பலகையில் துளையிட்டு நான்கைந்து சுவிட்சுகளைப் பொருத்துங்கள். எல்லாச் சுவிட்சுகளின் ஒரு முனையையும் ஒரே பொது ஒயரால் இணைத்து, ஆர்டுவினோ லியனார்டோ பலகையின் 'கிரவுண்ட்' முனையில் கொடுங்கள். மறுமுனைகள் தனித்தனி எண் முனைகளுக்குப் போகட்டும். உரிய நிரல் ஏற்றினால் கணினி அதை ஜாய்ஸ்டிக்காக ஏற்கும். எல்இடி விளக்கு வைத்தால் 220 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் சேர்க்க வேண்டும். யுஎஸ்பி தரும் 5 வோல்ட் போதும். வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது.

கையால் செய்யும் வேலை படிப்பில் பின்தங்கியவர்களுக்கு என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. துருத்தி ஒட்டத் தெரிந்த ஒரு பட்டறைக்காரரின் கருவிதான் ஐந்து லட்சம் விமானப் படையினருக்குப் பயிற்சி தந்தது என்பதை வகுப்பில் சொல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. லிங்க் கருவி 1929 முதல் 1934 வரை ஏற்கப்படாததற்கான காரணங்களை விளக்குக.
2. 1934 விமானத் தபால் நெருக்கடியின் விளைவுகள் இரண்டனை எழுதுக.
3. 'தேவையே கண்டுபிடிப்பின் தாய்' என்பது லிங்கின் வரலாற்றுக்குப் பொருந்துமா? சான்றுடன் வாதிடுக.