இராமேசுவரம் தீவு: நிலமும் மக்களும் மொழிகளும்

இராமேசுவரம், இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் தீவில் அமைந்துள்ள நகராட்சி ஆகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 44,856 பேர் வசித்தனர். தீவு முழுவதையும் இராமேசுவரம் என்று சொல்வது வெளியூரார் வழக்கம். உண்மையில் மேற்கு முனையில் உள்ள பாம்பனும் இடையில் உள்ள தங்கச்சிமடமும் தனித்தனி ஊராட்சிகள். கிழக்கே நீண்டு மெலிந்து செல்லும் மணல்திட்டின் கோடியில் தனுஷ்கோடி உள்ளது. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே.

நிலமும் நீரும்

தீவில் ஆறு இல்லை, மலையும் இல்லை. கந்தமாதன பர்வதம் என்று பெயர் பெற்ற இடம்கூட ஒரு மணல்மேடுதான். பவளப்பாறையின் மேல் மணல் படிந்து உருவான நிலம் இது. பனையும் உடைமரமும் சவுக்கும் தவிரப் பெரிதாக மரங்கள் இல்லை. இத்தகைய இடத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் எப்படிக் குடியேறினார்கள் என்ற கேள்விக்கு விடை மணலுக்குள் இருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி இறங்கியும் வெறும் பாறைத்தூள் மட்டுமே வெளிவருவதுண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் சுற்றுவதற்கு அந்தப் பாறையில் பெற்ற பழக்கமே காரணம். பாம்பன் தீவிலோ கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைச் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதப்பதே இதற்குக் காரணம். இறைக்கும் அளவு மிகுந்தால் அடியிலிருந்து உப்பு மேலேறிவிடும். கிணற்றை ஆழப்படுத்துவது இங்கு பயனற்றது மட்டுமன்று, கேடும் தரும். தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகைப் பதியன்கள் தமிழகத்தின் பல மாவட்டங்களுக்குச் செல்வதும் இந்த மணலின், இந்த நீரின் பயனே.

தீவின் இருபுறமும் இருவேறு கடல்கள். வடக்கே பாக் விரிகுடா; அலை குறைந்த அதைப் பெண் கடல் என்பர். தெற்கே மன்னார் வளைகுடா. கொந்தளிக்கும் அதை ஆண் கடல் என்பர். தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்குக் கடல் சீறும், வடகிழக்குப் பருவக்காற்றில் வடக்குக் கடல் சீறும். எனவே மீனவர் பருவத்துக்கேற்பக் கரை மாறித் தொழில் செய்யும் வழக்கம் உண்டு. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்கு அவர்கள் வைத்துள்ள பெயர்கள் இலங்கையின் வடகரையிலும் வழங்குபவை.

வந்தவர்களும் தங்கியவர்களும்

இத்தீவை ஆள்வது என்பது கடல்வழியை ஆள்வதாகவே இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் பாண்டிய அரியணைப் போட்டியில் தலையிட்ட பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் படை இங்கே இறங்கியது. பின்னர் நிசங்கமல்லன் (1187–1196) இங்கு ஒரு கோயில் எழுப்பியதாக அவனுடைய கல்வெட்டு கூறுகிறது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் நாணயங்களில் ‘சேது’ என்று பொறித்தனர். மதுரை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, சேதுவைக் காக்கும் உரிமை மறவர் குலச் சேதுபதிகளிடம் வந்தது. இராமநாதசுவாமி கோயிலின் புகழ்பெற்ற மூன்றாம் பிராகாரம் 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் முடித்த திருப்பணி.

அக்கோயிலில் கருவறைப் பூசை செய்வோர் மராத்திய மரபைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டின் பெரிய சிவாலயங்களில் இது அரிதான ஏற்பாடு. கோயில் தெருக்களைத் தாண்டினால் கடலை நம்பி வாழ்பவர்களின் குடியிருப்புகள் தொடங்கும். சங்கு குளித்த கடையர், கத்தோலிக்கரான பரதவர், படகும் வணிகமும் நடத்திய முசுலிம்கள் எனப் பலர் தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றனர். 1931 அக்டோபர் 15 அன்று பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், யாத்திரிகர்களைப் படகில் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றவர். கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி இலட்சுமண சாத்திரி அவருடைய நெருங்கிய நண்பர் என்று கலாம் எழுதியிருக்கிறார். பாம்பன் பக்கத்துப் பெண்கள் பலர் ஆழம் குறைந்த கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கின்றனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்ட பின் அவர்களின் தொழில் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

தீவின் மொழி தமிழே. எனினும் கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்றால் இந்தி, தெலுங்கு, வங்காளம், மராத்தி எல்லாம் காதில் விழும். காசிக்குப் போகிறவர் சேதுவின் மணலைக் கொண்டுபோவதும், அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இங்கே அபிடேகம் செய்வதும் பழைய மரபு. அந்த மரபு கொண்டுவந்து சேர்த்த மொழிகள் இவை. 22 தீர்த்தங்களில் வாளியால் நீர் இறைத்து ஊற்றுபவரும், சங்கு விற்பவரும் பள்ளியில் படிக்காத மொழிகளில் பேரம் பேசுவர். யாத்திரிகர் வண்டி ஏறியதும் அம்மொழியும் அவரோடு போய்விடும். வீட்டுக்குள் அது நுழைவதில்லை.

கடவையும் புயலும்

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை இரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாகப் பயணம் இணைந்தது. ‘போட் மெயில்’ என்ற பெயர் அதனால் வந்தது. சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் பலர் இவ்வழியே கடந்தனர். கடலைத் தாண்டும் முன் மண்டபம் முகாமில் அவர்களைத் தனிமைப்படுத்தி மருத்துவப் பரிசோதனை செய்தனர். சமவெளி மக்கள் பலருக்கு இத்தீவு கோயில் அன்று. ஊரை விட்டுப் பிரிந்த கடைசிக் கரை.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாசுதிரி ஒப்பந்தப்படி அவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரங்களுக்குள், டிசம்பர் 22 இரவில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், தேவாலயம் எல்லாம் இடிந்தன. பாலத்தின் 145 கண்களில் பெரும்பாலானவற்றின் உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் அது சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடி மட்டும் மீண்டும் கட்டப்படவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. கப்பல் துறை இராமேசுவரத்துக்கு மாறியது. தாயகம் திரும்பியோர் பலர் ‘இராமானுஜம்’ கப்பலில் அங்கு வந்திறங்கினர். 1983க்குப் பின் இலங்கையில் போர் மூண்டதும் கப்பல் நின்றுபோயிற்று. படகுகளில் வந்த ஏதிலியருக்கு அதே மண்டபம் முகாம் தங்குமிடமாயிற்று.

1974, 1976 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கடலில் எல்லை வகுத்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சென்றது. போர் முடிந்த பின் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. இராமேசுவரத்து விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியை வாரிச் செல்கிறது என்று முறையிடுபவர்கள் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள். கைதாகிப் படகையும் இழந்து நிற்பவர்கள் இராமேசுவரம் மீனவர்கள். காற்றுக்கு ஒரே பெயர்களைச் சொல்லும் இருதரப்பும் பேசித் தீர்க்கவும் கூடியதுண்டு, முடிவு எட்டவில்லை.

சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. பழைய இரயில் பாலத்தில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நின்று, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. 2017இல் திறக்கப்பட்ட புதிய சாலை அரிச்சல்முனை வரை செல்கிறது. சுற்றுலா வண்டிகள் இடிந்த தேவாலயத்தருகே நிற்கின்றன. அதைச் சுற்றி ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட அதே மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீரை மெல்ல முகந்து குடத்தை நிரப்புகிறார்கள்.