சுங்கம் தவிர்த்தவனுக்கே பெயர்



பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் போனில் கேட்டார்: "நெரிசல் நேரத்துல சிட்டிக்குள்ள கார் வந்தா கட்டணம்னு அடிக்கடி பேச்சு வருது சார். எந்த ஊர்லயாவது ஜனங்க இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?"

முதலாம் குலோத்துங்கனை வகுப்பில் நடத்தியது நினைவிருக்கும். சுங்கத்தை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' ஆனான். சுங்கம் போட்டுப் பட்டம் வாங்கிய அரசன் எவனும் எனக்குத் தெரிந்து இல்லை. அரசியல்வாதிகளின் பயம் புரிகிறதா?

முதலில் துணிந்தது சிங்கப்பூர். 1975 ஜூன் 2 முதல் காலை வேளையில் நகர மையத்துக்குள் கார் நுழைய ஒரு நாளைக்கு 3 வெள்ளி. முன் கண்ணாடியில் சீட்டு ஒட்டவேண்டும். நான்கு பேராகச் சேர்ந்து வந்தால் இலவசம். (நம் ஷேர் ஆட்டோவுக்கு அங்கே ராஜமரியாதை கிடைத்திருக்கும்!) கார்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1972 தேர்தலில் 65 இடங்களையும் ஆளுங்கட்சியே பிடித்திருந்தது. சபையில் எதிர்த்துப் பேச ஆளே இல்லை.

ஹாங்காங் 1983-ல் காரின் அடியில் மின்னணுப் பலகை பொருத்திச் சோதித்தது. கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் "நான் எங்கே போகிறேன் என்று அரசாங்கம் ஏன் குறித்து வைக்கவேண்டும்?" என்று மக்கள் கேட்டார்கள். சீனாவிடம் ஊர் கைமாறப்போகிற காலம் அது. 1985-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்பேன்.

எடின்பரோவில் கட்டணம் வருமுன்பே, 2005-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். முக்கால்வாசிப்பேர் வேண்டாம் என்றார்கள். ஸ்டாக்ஹோமிலும் எதிர்ப்புதான். ஆனால் அங்கே 2005-லேயே பஸ்களைக் கூட்டினார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணம் வாங்கிப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் மக்களைக் கேட்டார்கள். தெரு காலியானதைக் கண்ணால் கண்ட நகரவாசிகள், மயிரிழையில்தான் என்றாலும், சரி என்றார்கள். சுற்றுவட்டார ஊர்கள் பலவற்றில் நடந்த வாக்கெடுப்பில் வேண்டாம் என்றே வந்தது. காசு கொடுத்து உள்ளே போகவேண்டியவர்கள் அவர்கள்தானே!

நம் ஊட்டி, கொடைக்கானலைப் பாருங்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ். தொடங்கியபோது பைசா கிடையாது, பதிவு மட்டும்தான். அதற்கே வியாபாரிகள் கொதித்தார்கள். குற்றம் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை நம் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்கு வண்டிக்கு இத்தனை என்று வசூலித்தால் மலையிலிருந்து ஆடு கொண்டுவருகிறவர் என்ன செய்வார்?

தம்பி, கட்டணப் பேச்சு மறுபடி வந்தால், பெங்களூரில் அதற்கு முன் எத்தனை பஸ் கூடுதலாக விடுகிறார்கள் என்று விசாரித்து இங்கேயே எழுது.